ஏழாவது கட்டம்

காலையில் பல் தேய்த்து முடிப்பதற்குள் என் போனில் நாலைந்து சத்தங்கள் வந்து கிடக்கும். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது, வெறும் வண்டிச் சத்தம். ஒன்று கிறீச் என்னும், ஒன்று கடகட என்னும். கீழே ஒரு வரி இருக்கும்: "அண்ணாச்சி, இது என்னன்னு சொல்லுங்க." நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப் ஆட்கள் அனுப்புவது. ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது; இன்னும் விட்டபாடில்லை.

நான் அவர்களுக்குப் பதில் சொல்வதில்லை. ஒரு கேள்வியைத்தான் திருப்பி அனுப்புவேன். "வண்டியில் யார் இருந்தார்கள், என்ன இருந்தது?" அங்கே எனக்குக் காது பாக்கியம் என்று பெயர்; காது பாக்கியத்துக்குக் காது அடைத்துவிட்டது என்று கேலி பேசுகிறார்களாம். பேசட்டும். போன வாரம் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். "முன் வீல் சத்தத்துக்கும் வண்டியில இருக்கிற ஆளுக்கும் என்ன அண்ணாச்சி சம்பந்தம்?" அதைப் போனில் சொல்லி மாளாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையின் வண்டி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். பதினாறு வருஷம் அங்கே. கற்றுக்கொண்ட கதையை இழுக்க விரும்பவில்லை. எல்லாரும் வாங்கிய திட்டையும் சூட்டையும் நானும் வாங்கினேன். ஒரு நாள் முதலாளியின் காரில் டிக் டிக் என்று ஒரு சத்தம். மூன்று பேர் சேர்ந்து கியர்பாக்ஸை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் முந்தின நாள் அந்தக் கார் ஆலை வாசலுக்குள் வரும்போதே அதைக் கேட்டிருந்தேன். நேரே போய்ப் பின் டயரின் இடுக்கில் விரலை விட்டு ஒரு சரளைக் கல்லைப் பிடுங்கி எடுத்து பெஞ்சின் மேல் வைத்தேன். அன்றிலிருந்து நான் காது பாக்கியம். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

ஆலை ஷெட்டை மூடியதும், ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டில் இருந்த ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தேன். அங்கே சூப்பர்வைசர் வெங்கட்ராஜா. என்னைவிடப் பதினொரு வயது இளையவர். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் இரண்டு பேனா. வண்டிக்காரர் சொன்னதை நீலத்தில் எழுதுவார், நாங்கள் கண்டதைக் கறுப்பில் எழுதுவார். ஜாப் கார்டை அவரே கட்டம் போட்டு அச்சடித்து வைத்திருந்தார். மொத்தம் பத்துக் கட்டம். சத்தம் எந்தப் பக்கம், எந்த வேகத்தில், திருப்பும்போதா, பிரேக் பிடிக்கும்போதா என்று போய், ஏழாவது கட்டத்தில் இப்படி இருக்கும்: "சத்தம் வந்தபோது வண்டியில் யார், என்ன?"

அந்த மனிதர் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் நாமும் பதிலுக்குப் போட்டுவிட்டுப் போகலாம். அவர் கார்டை எடுத்து, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு கூப்பிடுவது போல ஒரே குரலில் வாசிப்பார். "ஆறாவது கட்டம், இடது முன்பக்கம். ஏழாவது கட்டம், காலி." அவ்வளவுதான். கார்டை மேஜையில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அந்தக் கட்டம் நிரம்பாமல் ஒரு போல்ட்டில் கை வைக்க முடியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் காதுக்கு எதற்கு இத்தனை கட்டம்? அதனால் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். யாரையும் கேட்காமலே எல்லாக் கார்டிலும் ஏழாவது கட்டத்தில் "டிரைவர் மட்டும்" என்று எழுதிவிடுவேன். வருஷக்கணக்காக எழுதினேன். ஒரு தடவையும் மாட்டிக்கொள்ளவில்லை.

எஸ்தர் சிஸ்டரின் கார் வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம்.

சிஸ்டர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டிய வயது. எழுந்திருக்கவே முடியாமல் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற ஒரு அறக்கட்டளையில் வேலை செய்தார். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, குழாய் மாற்றுவது, வலிக்கு மருந்து கொடுப்பது. மம்சாபுரம், வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி என்று தினம் ஒரு பக்கம் தனியாக ஓட்டிக்கொண்டு போவார். அறக்கட்டளை கொடுத்த கார் அது. அரக்கு நிறம், சின்னது, இருபது வருஷம் ஓடியது. ரிப்பேர் செலவும் அவர்களுடையதே. அதனால் ஒவ்வொரு ஜாப் கார்டின் நகலும் அவர்கள் ஆபீசுக்குப் போகும்.

"இடது பக்கம் முன்னால டொக்குன்னு ஒரு சத்தம் அண்ணே. குழியில இறங்கி ஏறும்போது. போகும்போது இல்ல, திரும்பி வரும்போதுதான் வருது."

"சாயங்காலம்னு சொல்லுங்க."

"ஆமா, திரும்பும்போது சாயங்காலம் ஆயிரும்."

எனக்குள் உடனே விடை தயாராகிவிட்டது. பகல் முழுக்க ஓடிச் சூடாகி, மூட்டுகளில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையமான புஷ் இளகுகிறது, அதில்தான் சத்தம். ஏழாவது கட்டத்தில் வழக்கம்போல எழுதினேன்.

முறையாகத்தான் பார்த்தேன், அதில் குறை சொல்ல முடியாது. ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினேன். வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், பிறகு பக்கவாட்டில் ஆட்டினேன். வீலைத் தாங்கும், கீழ்க் கை என்கிற இரும்புத் தண்டும் வீலும் சேருகிற இடத்தில், கிண்ணத்துக்குள் பந்து உட்கார்ந்த ஒரு மூட்டு இருக்கும், பால் ஜாயிண்ட் என்போம். அதன் இடுக்கில் நெம்பும் கம்பியைக் கொடுத்து நெம்பினேன். கல் மாதிரி இருந்தது. ஷாக் அப்சார்பரின் தலையில் கை வைத்துக்கொண்டு, கூட இருந்தவரிடம் ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுக் கேட்டேன். ஒன்றுமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தேன். வழியில் இருந்த ஒரு வேகத்தடையையும் விடவில்லை. வண்டி வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது தடவை வந்தபோது வேண்டுமென்றே சாயங்காலம் வரச் சொன்னேன். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மம்சாபுரத்துக்குப் பிரியும் விலக்கு வரை போனோம். அன்றைக்கும் அந்த வண்டி ஊமையாகவே இருந்தது. சிஸ்டருக்கு முகம் சிறுத்துப்போனது.

"பொய் சொல்லுதேன்னு நெனைச்சிராதீங்க அண்ணே. நேத்து கூட வந்துச்சு. கேளுங்க, போன்ல பிடிச்சு வச்சிருக்கேன்."

கேட்டேன். டொக். செத்த நேரம் கழித்து மறுபடி டொக். ஒவ்வொரு டொக்குக்குப் பின்னாலும் மெல்லியதாக ஒரு குடுகுடு. அதை ரோட்டுச் சத்தம் என்று ஒதுக்கிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கார் ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போதெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும். கழுவித் துடைத்து, டிக்கியைக் கூட்டி, காகிதம் விரித்துக் காலியாகக் கொண்டு வந்து விடுவார். "உங்க கை அழுக்காகக் கூடாதுல்லா" என்பார். எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் அப்படித்தான். அழுக்கு வண்டியை இன்னொருவர் கையில் கொடுப்பது மரியாதைக் குறைவு. நான் அதை மெச்சினேன். "எல்லாரும் சிஸ்டர் மாதிரி வண்டி வச்சிருந்தா எங்களுக்குக் கஷ்டமே இல்ல" என்று மற்றவர்கள் காதில் விழும்படியே சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாவது தடவை வெறும் யூகத்தில் இரண்டு புஷ்களை மாற்றினேன். ஏதாவது செய்யவேண்டும் என்பதற்காகச் செய்தது. வெளியே விடும் முன்பு வெங்கட்ராஜா சிஸ்டரை எதிரே உட்கார வைத்துக் கார்டை வாசித்தார்.

"ஏழாவது கட்டம், டிரைவர் மட்டும். அப்படித்தானேம்மா?"

சிஸ்டர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கும். பிறகு, "ஆமா சார். நானும் என் பையும்தான்" என்றார்.

அந்த ஒரு மூச்சு நேரம் என் காதில் விழுந்தது. சத்தியமாக விழுந்தது. அது வண்டிச் சத்தம் இல்லையே என்று விட்டுவிட்டேன்.

வெங்கட்ராஜா கறுப்புப் பேனாவை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் எழுதினார்: "புஷ் மாற்றப்பட்டது. சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை."

சிஸ்டர் போனதும் நான் அவரிடம் மல்லுக்கு நின்றேன். "வண்டி நல்லா இருக்குன்னு எழுதுங்க சார். மூணு தடவை பார்த்திருக்கேன். கேக்கலைன்னு எழுதினா என் பேரு என்னாகுறது?"

"நல்லா இருக்குன்னு நமக்குத் தெரியாது அண்ணாச்சி. கேக்கலைன்னு மட்டும்தான் தெரியும்" என்றார். குரல் உயரவும் இல்லை, இறங்கவும் இல்லை. அன்று மத்தியானம் அவரோடு சேர்ந்து சாப்பிட நான் போகவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து ரோட்டோரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தேங்காய் ஏற்றிய ஒரு சின்ன லோடு வண்டி வந்து, கடை முன்னால் இருந்த வேகத்தடையில் ஏறி இறங்கியது. பின்னால் கிடந்த தேங்காய்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டன.

குடுகுடு.

டம்ளரைக் கீழே வைத்தேன். சிஸ்டர் எனக்கும் அனுப்பி வைத்திருந்த அந்தப் பதிவைப் போனில் எடுத்துக் காதோடு ஒட்டிக் கேட்டேன். டொக், குடுகுடு. டொக், குடுகுடு. அதேதான். மட்டை உரிக்காத தேங்காய், தகரத்தின் மேல் உருளுகிற சத்தம். சிஸ்டரின் டிக்கி திரும்பி வரும்போது காலியாக இல்லை.

முதலில் சிரிப்புதான் வந்தது. தேங்காய்ச் சத்தத்துக்கா மூன்று தடவை வண்டிக்கடியில் படுத்து எழுந்தோம் என்று. இரண்டு அடி எடுத்து வைப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது. குடுகுடு என்பதுதான் தேங்காய். அதற்கு முன்னால் வரும் டொக் தேங்காய் இல்லை. அது முன்னால் இருந்து வருகிறது. டிக்கியில் பாரம் ஏறினால் அந்தச் சின்னக் காரின் பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கும். மூக்கு தூக்கினால் முன் வீல் கொஞ்சம் கீழே இறங்கித் தொங்கும். அந்த நிலையில் மட்டும் டொக் என்கிறது என்றால் ஷாக்கும் இல்லை, புஷ்ஷும் இல்லை. பால் ஜாயிண்ட்.

ஜாக்கியில் தூக்கியபோது வீல் முழுசாகத் தொங்கியது; பந்து தேயாத பக்கம் போய் இறுக்கமாக உட்கார்ந்துகொண்டது, நான் நெம்பியபோது கல் மாதிரி இருந்தது. காலி வண்டி ஓடும்போது எடை அதை இன்னொரு பக்கமாக அழுத்தி வைத்திருந்தது, சத்தமில்லை. இரண்டுக்கும் நடுவே, தேய்ந்த இடத்துக்கு அது வந்ததெல்லாம் தேங்காய் ஏறிய பிறகுதான். அந்த நேரத்தில் அந்த வண்டியில் நான் ஒரு தடவையும் உட்காரவில்லை. பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்தால் வீல் அப்படியே மடிந்து படுத்துவிடும். ஸ்டியரிங் இருந்தும் இல்லாதது போலத்தான்.

சிஸ்டருக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. நோயாளி வீட்டுக்குள் போகும்போது அவர் போனை வாயடைத்துவிடுவார், அது எனக்கே தெரியும். அன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமை என்றால் வ. புதுப்பட்டி. அந்தப் பக்கம் முழுக்கத் தென்னந்தோப்பு.

வெங்கட்ராஜா மேஜைக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவர் சிஸ்டரின் கார்டை உருவி எடுத்தார்.

"ஏழாவது கட்டம் யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"கேட்டு எழுதினீங்களா?"

"இல்ல சார். எதுக்கும் கேட்டதில்ல. எல்லாக் கார்டுலயும் நானாத்தான் எழுதுவேன்."

அவர் என்னைப் பார்த்தார். வீட்டில் பேசும் தெலுங்கில் தனக்குள் ஏதோ முனகினார். பிறகு டிராயரிலிருந்து தன் கார்ச் சாவியை எடுத்தார். "ஏறுங்க அண்ணாச்சி."

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் திரும்புகிற வரை அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. நான் விடாமல் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு மனசு லேசாகியிருக்கும். அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிற ஒவ்வொரு காரின் நிறத்தையும் பார்த்துக்கொண்டு ஓட்டினார். நானும் அதைத்தான் செய்தேன். ஒவ்வொரு வளைவிலும், ரோட்டோரத்தில் ஆட்கள் கூடி நிற்பார்களோ என்று எட்டிப் பார்த்தேன். பயம் என்றால் என்ன என்று அந்த அரைமணி நேரத்தில் தெரிந்துகொண்டேன்.

வ. புதுப்பட்டியில் ஒரு மருந்துக் கடையில் நிறுத்தி விசாரித்தோம்.

"எஸ்தர் சிஸ்டரா? இப்பத்தான் போறாக. கம்மாக் கரை வழியா அடுத்த வீட்டுக்கு. நீங்க ரோட்டுலயே போனா கரை முடியற முனையில பிடிச்சிரலாம்."

கண்மாய்க் கரை ஒரு வண்டி போகும் அளவுக்குத்தான் இருந்தது. மழை பெய்து கண்மாய் நிரம்பிக் கிடந்தது. வலது பக்கம் நெல் வயல், ஆள் உயரத்துக்குக் கீழே. இடது பக்கம் தண்ணீர். நாங்கள் முனையில் ஏறவும், எதிரே தூரத்தில் அரக்கு நிறக் கார் வரவும் சரியாக இருந்தது. மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. நேற்று வரை அதை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

வெங்கட்ராஜா காரை நிறுத்தினார். நான் இறங்கி, இரண்டு கையையும் கீழ்நோக்கி அமுக்கி அமுக்கிக் காட்டினேன், மெதுவாக, மெதுவாக என்று. சிஸ்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு உள்ளேயிருந்து கை காட்டிச் சிரித்தார். பிறகு அந்த மனுஷி என்ன செய்தார் தெரியுமா? எங்கள் கார் போக வழிவிட வேண்டும் என்று, மரியாதைக்குத் தன் வண்டியைக் கரையின் ஓரத்துக்குத் திருப்பினார். கண்மாய்ப் பக்கம். இறுகாத மண்ணில் வலது வீல்கள் இறங்கின. இடது வீல் ஒரு வேரில் ஏறியது.

டொக்.

இருபதடி தூரத்தில் இருந்து எனக்குக் கேட்டது.

"திருப்பாதீங்க! சிஸ்டர், ஸ்டியரிங்கைத் திருப்பாதீங்க! அப்படியே நிப்பாட்டுங்க!" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கார் ஒரு அடி வழுக்கி நின்றது. நான் ஓடிப் போய்க் கண்மாய்ப் பக்கத்து வீல்களுக்கு முன்னும் பின்னும் கல்லைக் கொடுத்தேன். தண்ணீர் மூன்றடிக்குள் இருந்தது. சிஸ்டரை இடது கதவு வழியாக இறக்கினோம். கிளம்பும்போது யாரோ கொடுத்த பூவை அவர் கையிலேயே வைத்திருந்தார்.

"என்னண்ணே ஆச்சு? யாருக்கு என்ன?"

நான் மண்ணில் படுத்து இடது வீலுக்குப் பின்னால் கையை விட்டேன். பால் ஜாயிண்ட்டின் மேல் இரண்டு விரலை வைத்தேன். "டிக்கியைத் தொடாதீங்க சார். இருக்கிற பாரம் அப்படியே இருக்கட்டும். பானட்டைப் பிடிச்சு மெல்ல மேலயும் கீழயும் ஆட்டுங்க."

அவர் ஆட்டினார். என் விரலுக்குக் கீழே பந்து கிண்ணத்துக்குள் குதித்தது. ஒரு நகம் நுழையும் அளவு இடைவெளி திறந்து மூடியது. மூன்று தடவை நான் நெம்பிப் பார்த்து நல்லது என்று சொன்ன அதே இடம்.

கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக் கிடந்தேன். வெட்கமாக இருந்தது, வேறு வார்த்தை இல்லை.

வெங்கட்ராஜா டிக்கியைத் திறந்தார். மட்டையோடு ஐம்பது தேங்காய் இருக்கும், ஒரு வாழைத்தார், ஒரு பை நிறைய முருங்கைக்காய். சிஸ்டர் டிக்கியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

"நோயாளிக வீட்டுல ஒண்ணும் வாங்கக் கூடாதுன்னு ஆபீசுல கண்டிஷன் சார். வாங்கினது தெரிஞ்சா மறுநாளே நிப்பாட்டிருவாக. முன்ன ஒருத்தியை அப்படித்தான் நிப்பாட்டினாக."

"பொறவு ஏன் சிஸ்டர்?" என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். ஒரு கட்டத்துக்கு நான் பொய் எழுதியிருந்தேன், அதே கட்டத்துக்கு அவரும் பொய் சொல்லியிருந்தார். இரண்டு பொய்யும் சேர்ந்துதான் அந்த வீலைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"முதல்ல வேணாம்னுதான் சொன்னேன் அண்ணே. தோப்புக்காரர் ஒருத்தர். இடுப்புக்குக் கீழ உணர்வே கிடையாது. 'நான் சாகப்போறவன், என் கையால வாங்கினா ஆகாதுன்னுதான வேணாம்ங்கிய'ன்னு கேட்டுட்டாரு. அன்னையிலருந்து யாரு குடுத்தாலும் வாங்கிருதேன். எனக்குன்னு ஒண்ணு எடுத்தது கிடையாது. இல்லாத வீட்டுல இறக்கிருவேன். மம்சாபுரத்துல ரெண்டு வீட்டுல இதுதான் அடுப்பெரிக்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதை மட்டும் கார்டுல எழுதிராதீங்க சார். என்னை நிப்பாட்டிட்டா இவியளுக்கு ஆள் கிடையாது."

வெங்கட்ராஜா சட்டைக் கையை மடித்துவிட்டார். தேங்காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் காரின் பின் சீட்டில் அடுக்க ஆரம்பித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். சிஸ்டரை மம்சாபுரத்தில் அந்த இரண்டு வீட்டிலும் இறக்கி ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரில் கொண்டுபோய் விட்டது அவர்தான். இழுவை வண்டி வரும் வரை நான் கரையில் காவல் இருந்தேன்.

மறுநாள் காலை கீழ்க் கையின் போல்ட்டைக் கழற்றினேன். நெம்பும் கம்பி தேவைப்படவில்லை. கையால் இழுத்தேன், பந்து கிண்ணத்தை விட்டு வந்துவிட்டது. சோளப் பொரி அளவுக்கு ஒரு துருத் துண்டு அதோடு விழுந்தது. பக்கத்தில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அதை ஒரு துணியில் சுற்றி வெங்கட்ராஜா மேஜையில் வைத்தேன்.

"சார், இதுவரைக்கும் நான் எழுதின ஏழாவது கட்டம் எல்லாமே பொய். என்னை என்ன வேணாலும் செய்யுங்க."

அவர் பந்தை விரலால் உருட்டிப் பார்த்தார். "உக்காருங்க. இந்தக் கார்டை எழுதுவோம்."

என்ன எழுதப்போகிறார் என்று அவர் கையையே பார்த்தேன். பொய்யையே பொறுக்காத மனிதர். கேட்கவில்லை என்பதை நல்லது என்று எழுத மறுத்தவர். தேங்காய் என்று எழுதினால் சிஸ்டருக்கு வேலை போகும். எழுதாமல் விட்டால் இத்தனை வருஷம் நான் செய்ததையே அவரும் செய்தவர் ஆவார். நீலப் பேனாவின் மூடியைத் திறந்து ஏழாவது கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு எழுதினார். எழுதியதைத் தன் வழக்கப்படி அதே குரலில் வாசித்தார். "ஏழாவது கட்டம். ஓட்டுநர் ஒருவர். டிக்கியில் பாரம், சுமார் எண்பது கிலோ."

"என்ன பாரம்னு ஆபீசுல கேட்டா சார்?"

"அதுக்குக் கட்டம் இல்ல அண்ணாச்சி" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

என்னை அவர் ஒன்றும் செய்யவில்லை. ஓய்வு பெறும் வரை மிச்சமிருந்த ஒரு வருஷமும் ஏழாவது கட்டத்தை நான் கேட்டுத்தான் எழுதினேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்பேன். பதில் சொல்ல ஒரு மூச்சு தாமதித்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு டீ சொல்லி மூன்றாவது தடவையும் கேட்பேன். எத்தனையோ விஷயம் வெளியே வரும். அதில் பாதியைக் கார்டில் எழுத முடியாது.

இது மாங்காய்க் காலம். எங்கள் வீட்டுப் பின்னால் ஒரு சப்பட்டை மாமரம் நிற்கிறது, இந்த வருஷம் நல்ல காய்ப்பு. மூன்று மாதமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் அந்த அரக்கு நிறக் கார் எங்கள் வீட்டு முன்னால் வந்து நிற்கிறது. என் மனைவி ஸ்டெல்லா படுத்துவிட்டாள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வலியில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று மதுரையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எஸ்தர் சிஸ்டர் வந்துபோன அன்றைக்கு மட்டும் அவள் நன்றாகத் தூங்குகிறாள். அன்று கண்மாய்க் கரையில் அந்த வீல் மடிந்திருந்தால் என்ற நினைப்பு அப்போதெல்லாம் வரும். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை சிஸ்டர் கிளம்பும்போது ஸ்டெல்லா தலையணைப் பக்கம் வைத்திருந்த பையைக் கையால் தள்ளினாள். காலையிலேயே என்னைப் பறிக்கச் சொல்லி, ஒவ்வொரு பழமாகத் தொட்டுப் பார்த்து அவளே எடுத்து வைத்தது.

"வேணாம் ஸ்டெல்லாம்மா. நான் வாங்கக் கூடாது" என்று சிஸ்டர் வழக்கமான முதல் வார்த்தையைச் சொன்னார்.

ஸ்டெல்லா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நீட்டிய கையை மட்டும் எடுக்கவில்லை. சிஸ்டர் குனிந்து இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்து டிக்கியைத் திறக்கப் போனார். "டிக்கி வேணாம் சிஸ்டர்" என்று பையை வாங்கி, முன் சீட்டுக்குக் கீழே, உருளாமல் வைத்தேன். கார் தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கும் வரை நின்று கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

உள்ளே போனேன். ஸ்டெல்லா கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"மூஞ்சியைச் சுளிக்காம வாங்கிக்கிட்டாங்களா?"

"சந்தோஷமா வாங்கிக்கிட்டாங்க" என்றேன்.